விழுங்கப்பட்ட பல்ஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் கம்பி ஆலைகளில் தாமதத்தைக் கண்ணால் பார்க்கலாம். பழைய இரும்பை இண்டக்‌ஷன் ஃபர்னஸில் உருக்கி பில்லெட்டாக வார்க்கிறார்கள். செக்கச் சிவந்த பில்லெட், உருளைகள் மேல் ஓடி, வரிசையாக நிற்கும் ரோலிங் ஸ்டாண்டுகளுக்குள் நுழைந்து, ஒவ்வொன்றிலும் இளைத்து நீண்டு, கடைசியில் டி.எம்.டி. கம்பியாக வெளியே பாய்கிறது. வழியில் ஒரு சென்சார், சூடான இரும்பின் அகச்சிவப்பு ஒளியைக் கண்டதும் சிக்னல் கொடுக்கும். அந்தச் சிக்னலை நம்பித்தான் சற்றுத் தள்ளி நிற்கும் ஷியர் கம்பியை வெட்டுகிறது.

சென்சாரிலிருந்து ஷியர் வரை 5 மீட்டர் என்றும், கம்பி வினாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சென்சார் பார்த்த கம்பித் தலை அரை வினாடி கழித்து ஷியரை எட்டும். சென்சாரடியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால், ஷியரடியிலும் அதே ஒரு சாண்தான். எவ்வளவு சின்ன விவரமானாலும் அப்படியே சுமந்து வரப்படுகிறது. நேரம் மட்டும் தள்ளிப்போகிறது. இதற்கு டிரான்ஸ்போர்ட் தாமதம் என்று பெயர்.

அதே ஆலையின் மின் பேனலைத் திறந்தால் இன்னொரு வகைத் தாமதம் இருக்கிறது. மோட்டாரை ஓடவிடும் கான்டாக்டரின் காயிலுக்கு மின்னழுத்தம் வந்த கணமே அது ஒட்டிவிடாது. காயிலில் மின்னோட்டம் ஏற வேண்டும், காந்தப்புலம் வலுக்க வேண்டும், ஸ்பிரிங்கை எதிர்த்து இரும்புத் துண்டு நகர வேண்டும். எல்லாம் சேர்ந்து 20 மில்லிசெகண்ட் ஆகிறது என்போம். இப்போது அந்தக் காயிலுக்கு 2 மில்லிசெகண்ட் மட்டும் மின்னழுத்தம் கொடுத்து நிறுத்திவிட்டால்? 20 மில்லிசெகண்ட் கழித்து ஒரு குட்டி ‘டக்’ கேட்குமா என்றால் கேட்காது. ஒன்றுமே நடக்காது. வந்த சிக்னல் வந்த சுவடே இல்லாமல் போய்விடும். இது இனர்ஷியல் தாமதம். பள்ளி இயற்பியலில் படித்த அதே நிலைமம்.

ஒரு சிப்புக்குள்ளும் இந்த இரண்டு வகையும் உண்டு. சிப்பைச் செய்வதற்கு முன் கணினியில் ஓட்டிப் பார்க்கிறோமே, அந்தச் சிமுலேட்டரிடம் எங்கே எந்த வகைத் தாமதம், எவ்வளவு குறுகிய சிக்னல் துடிப்பை, அதாவது பல்ஸை, விழுங்க வேண்டும், எதைக் கடத்திவிட வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அது தானாக ஒன்றை வைத்துக்கொள்ளும். அப்படி அது வைத்துக்கொள்வது பிழையை மறைக்கும் பக்கமே சாய்ந்திருக்கிறது. பல பொறியாளர்கள் இதைக் கவனிக்காமலே ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறார்கள் என்பது என்னை உறுத்துகிறது.

சிப்புக்குள் போகும் முன் பேனலிலேயே இன்னும் கொஞ்சம் நிற்போம். சென்சாரின் கம்பி வந்து சேரும் இடம், ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி. ஃபர்னஸின் தைரிஸ்டர்கள் வினாடிக்குப் பலநூறு முறை பெரும் மின்னோட்டத்தைத் திறந்து மூடுகின்றன. பக்கத்தில் ஓடும் சென்சார் கேபிளில் அதன் இரைச்சல் ஏறும். அதனால் பி.எல்.சி.யின் ஒவ்வொரு இன்புட்டிலும் ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். சிக்னல் மாறி, குறிப்பிட்ட நேரம் மாறிய நிலையிலேயே நின்றால்தான் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும். சீமென்ஸ் எஸ்7-1200 வகையில், நாம் எதையும் தொடாவிட்டால் அந்த நேரம் 6.4 மில்லிசெகண்ட். இரைச்சலுக்கு இது நல்ல காவல். ஆனால் 10 மீட்டர் வேகத்தில் ஓடும் கம்பி 6.4 மில்லிசெகண்டில் 64 மில்லிமீட்டர் போய்விடும். அந்த 64 மில்லிமீட்டரைக் கணக்கில் சேர்க்காத ஷியர், வெட்டவேண்டிய இடத்தைத் தாண்டித்தான் வெட்டும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. மோட்டார் தண்டில் ஒரு என்கோடர் பொருத்தியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு 1,000 பல்ஸ் கொடுக்கும். தண்டு நிமிடத்துக்கு 600 சுற்று, அதாவது வினாடிக்கு 10 சுற்று. ஆக வினாடிக்கு 10,000 பல்ஸ். ஒவ்வொரு பல்ஸும் 50 மைக்ரோசெகண்ட் உயர்ந்து நிற்கும். இதை 6.4 மில்லிசெகண்ட் ஃபில்டர் உள்ள இன்புட்டில் கொடுத்தால் என்ன எண்ணிக்கை வரும்? கொஞ்சம் குறைவாக வரும் என்றுதான் முதலில் தோன்றும். வருவது பூஜ்யம். ஒரு பல்ஸ்கூடத் தப்பாது, அத்தனையும் விழுங்கப்படும். மோட்டார் ஓடுகிறது, என்கோடரின் விளக்கு எரிகிறது, வயர் சரி, புரோகிராம் சரி. எண் மட்டும் அசையாது. தீர்வு அந்த இன்புட்டின் ஃபில்டரை மைக்ரோசெகண்ட் அளவுக்கு இறக்குவது. ஆனால் அலுவலக மேசையில் புரோகிராமைச் சோதிக்கும்போது இது தெரிய வாய்ப்பே இல்லை. அங்கே இன்புட்டை நினைவகத்தில் நேராக மாற்றிவிடுகிறோம். ஃபில்டர் நடுவில் வருவதே இல்லை.

சிப்பில் இந்த ஃபில்டரை யாரும் தனியாக வைப்பதில்லை. ஒவ்வொரு கேட்டும், அதாவது ஒவ்வொரு தர்க்க அலகும், இயல்பாகவே ஒரு ஃபில்டர்தான். சண்டிகரை ஒட்டிய மொகாலியில் இருக்கும் செமிகண்டக்டர் லேபரட்டரியின் 180 நானோமீட்டர் நுட்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டுகள் 1.8 வோல்ட்டில் ஓடும். ஒரு கேட்டின் வெளிமுனை 0-விலிருந்து 1-க்குப் போவது என்றால், அடுத்த கேட்டின் உள்முனையும் இடையில் உள்ள கம்பியும் சேர்ந்த மின்தேக்கத்தை ஒரு டிரான்சிஸ்டர் மின்னேற்றம் செய்து 1.8 வோல்ட்டுக்குக் கொண்டுபோவது. அதற்கு நேரம் வேண்டும். பாதி வழியில் உள்ளீடு மனம் மாறினால் வெளிமுனை 0.5 வோல்ட் வரை ஏறித் திரும்ப இறங்கிவிடும். அடுத்த கேட் ஏறத்தாழ 0.9 வோல்ட்டைத் தாண்டினால்தான் அசையும். அதற்கு இந்த 0.5 வோல்ட் ஒரு பொருட்டே அல்ல. 1.6 வோல்ட் வரை ஏறினால் அது உண்மையான பல்ஸ். 0.9-ஐ ஒட்டி ஏறி இறங்கினால்? அங்கேதான் பிரச்சினை. அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த வோல்ட் கணக்கையெல்லாம் துல்லியமாகப் போடும் மென்பொருள் உண்டு. பெர்க்லியில் 1970-களில் பிறந்த ஸ்பைஸ் அந்த வகை. ஆனால் லட்சக்கணக்கான கேட்டுகள் கொண்ட சிப்பை ஸ்பைஸில் ஓட்டி முடிக்க ஆயுள் போதாது. ஆகவே டிஜிட்டல் சிமுலேட்டர் வோல்ட்டையே மறந்துவிடுகிறது. அதற்கு 0, 1, இணைப்பற்ற நிலை, ‘எக்ஸ்’ எனப்படும் தெரியாத நிலை போன்ற சில நிலைகள்தான் தெரியும். மாற்றங்களை ஒரு வரிசையில் எழுதிவைத்துக்கொண்டு நேரப்படி எடுத்து நடத்தும். உள்ளீடு 100-ஆவது நானோசெகண்டில் மாறுகிறது, கேட்டின் தாமதம் 2 நானோசெகண்ட் என்றால், ‘102-இல் வெளியீட்டை மாற்று’ என்று குறித்துக்கொள்ளும். 101-இல் உள்ளீடு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால், குறித்துவைத்ததை அடித்துவிடும். இந்த அடித்தல்தான் இனர்ஷியல் தாமதம். அடிக்காமல் இரண்டு குறிப்பையும் வைத்துக்கொண்டு 102-இலும் 103-இலும் நடத்தினால் அது டிரான்ஸ்போர்ட் தாமதம். ஒரு குறிப்பை அடிப்பதா விடுவதா என்ற இந்தச் சின்ன முடிவில்தான் சிமுலேட்டர் பிழையைக் காட்டுவதும் காட்டாததும் இருக்கிறது.

வன்பொருளை விவரிக்கும் இரண்டு பெரிய மொழிகளும் இதைத் தங்கள் இலக்கணத்திலேயே வைத்திருக்கின்றன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் திட்டத்தில் உருவாகி 1987-இல் ஐ.இ.இ.இ. தரமான வி.எச்.டி.எல்., நீங்கள் வேறு சொல்லாதவரை இனர்ஷியல் என்றே எடுத்துக்கொள்ளும். டிரான்ஸ்போர்ட் வேண்டுமானால் அந்தச் சொல்லை எழுத வேண்டும். 1993 திருத்தத்தில் ‘ரிஜெக்ட்’ வந்தது. தாமதம் 10 நானோசெகண்டாக இருக்கட்டும், ஆனால் 3 நானோசெகண்டுக்குக் குறைவான பல்ஸை மட்டும் விழுங்கு என்று இப்போது சொல்ல முடிந்தது. அதுவரை தாமதமும் விழுங்கும் எல்லையும் ஒரே எண்ணாகக் கட்டுண்டு கிடந்தன. என் பார்வையில் அந்த மொழியின் மிகப் பயனுள்ள திருத்தங்களில் இது ஒன்று.

வெரிலாக் 1984 வாக்கில் கேட்வே டிசைன் ஆட்டோமேஷன் நிறுவனத்தில் பில் மூர்பியின் கையில் உருவானது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் பிரபு கோயல், ஐ.ஐ.டி. கான்பூரில் படித்தவர். வெரிலாக்கில் கேட்டுகளும் தொடர் அசைன்மென்ட்டுகளும் இனர்ஷியல். நான்-பிளாக்கிங் அசைன்மென்ட்டுக்குள் தாமதத்தை எழுதினால் டிரான்ஸ்போர்ட். ஒரு செல்லின் உள்முனையிலிருந்து வெளிமுனை வரையான தாமதங்களை எழுதும் ‘ஸ்பெசிஃபை’ பகுதியில் ‘பாத்பல்ஸ்’ என்று ஒரு சிறப்பு அளவுரு உண்டு. அதற்கு இரண்டு எண்கள் தர வேண்டும்: ரிஜெக்ட் எல்லை, எரர் எல்லை. முதல் எல்லைக்கும் குறுகிய பல்ஸ் விழுங்கப்படும். இரண்டாவது எல்லையை எட்டிய பல்ஸ் ஒழுங்காகக் கடந்து போகும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய பல்ஸ் எக்ஸாக வெளிவரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வழி வைத்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஒன்றும் குறிப்பிடாவிட்டால் இரண்டு எல்லையும் அந்தப் பாதையின் முழுத் தாமதம்தான். நடுப்பகுதியே இல்லாமல் போய்விடும், எக்ஸும் வராது.

ஒரு சின்னச் சுற்றை எடுத்து இதை நிதானமாகப் பார்ப்போம். கவரைப்பேட்டை, ஆவடி பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளின் முதல் டிஜிட்டல் லேபிலேயே வரும் இரண்டுக்கு ஒன்று மல்டிபிளெக்சர் அது. ‘தேர்வு’ என்ற சிக்னல் 1 என்றால் முதல் உள்ளீடு வெளியே வரும், 0 என்றால் இரண்டாவது. ஒரு இன்வெர்ட்டர், இரண்டு ஆண்ட் கேட், ஒரு ஆர் கேட். இன்வெர்ட்டருக்கு 1 நானோசெகண்ட், மற்றவற்றுக்கு 2 நானோசெகண்ட் தாமதம் என்போம். இரண்டு உள்ளீடுகளும் 1. அப்படியென்றால் தேர்வு எப்படி மாறினாலும் வெளியீடு 1 ஆகவே இருக்க வேண்டும்.

தேர்வு 100-இல் 1-லிருந்து 0-வுக்கு இறங்குகிறது. முதல் ஆண்ட் கேட் 102-இல் அணைகிறது. இன்வெர்ட்டர் 101-இல்தான் ஏறுகிறது; அதனால் இரண்டாவது ஆண்ட் கேட் 103-இல்தான் எழுகிறது. 102 முதல் 103 வரை ஆர் கேட்டின் இரண்டு உள்முனையும் 0. ஒரு நானோசெகண்டுக்கு யாருமே பிடிக்காத இடைவெளி.

இயல்பான இனர்ஷியல் அமைப்பில் ஆர் கேட்டின் தாமதம் 2, வந்த பள்ளம் 1, விழுங்கப்படும். வெளியீடு நேர்கோடாக 1. திரையில் பார்க்க அழகாக இருக்கும். டிரான்ஸ்போர்ட் என்று சொல்லி ஓட்டினால் 104-இல் வெளியீடு இறங்கி 105-இல் ஏறும். மூன்றாவதாக, ரிஜெக்ட் எல்லை 25 சதவீதம், எரர் எல்லை 100 சதவீதம் என்று கட்டளை கொடுப்போம். 2 நானோசெகண்டில் 25 சதவீதம் 0.5. வந்த பல்ஸ் 0.5-ஐத் தாண்டியது, 2-ஐ எட்டவில்லை. ஆக 104 முதல் 105 வரை எக்ஸ். வெரிலாக்கின் 2001 பதிப்பில் இன்னொரு வசதியும் வந்தது. பல்ஸ் குறுகியது என்று தெரிந்த கணத்திலிருந்தே எக்ஸைத் தொடங்கச் சொல்லலாம்; அப்போது 103-லிருந்தே எக்ஸ். சந்தேகம் எழுந்த நேரத்திலிருந்தே சந்தேகிக்கும் இந்த அமைப்பு இன்னும் கடுமையானது.

ஒரே சுற்று, ஒரே உள்ளீடு. அமைப்பை மாற்றினால் வேறு வேறு விடை. எது சரி என்று கேட்டால், அந்த வெளியீடு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பின் தரவு முனைக்குப் போகிறது, அடுத்த கடிகாரத் துடிப்பு வருவதற்குள் எல்லாம் அடங்கிவிடும் என்றால் அந்த எக்ஸால் ஒரு கெடுதலும் இல்லை. கடிகார முனைக்கோ, கடிகாரத்துக்குக் காத்திராத ரீசெட் முனைக்கோ, லாட்சின் எனேபிளுக்கோ போகிறதென்றால் அது ஆபத்து. ஒரு நானோசெகண்டுக்குள் பதிவேடு முழுவதும் அழிந்துபோக முடியும். அப்போது மாற்ற வேண்டியது சிமுலேட்டரின் சதவீதத்தை அல்ல, சுற்றை. இந்த மல்டிபிளெக்சரில் இரண்டு உள்ளீடுகளையும் நேராகச் சேர்க்கும் மூன்றாவது ஆண்ட் கேட் ஒன்றைப் போட்டால் அந்த இடைவெளி மூடிவிடும்.

வேலை நெருக்கடியில் நடப்பது பெரும்பாலும் வேறு. கேட் அளவில் சிமுலேஷனை முதன்முறை ஓட்டும்போது எக்ஸ் காட்டுத்தீயாகப் பரவும். நூறு எக்ஸில் தொண்ணூறு கெடுதல் இல்லாதவை. ஒவ்வொன்றையும் துரத்தப் பொறுமை இல்லாமல், எரர் எல்லையை ரிஜெக்ட் எல்லைக்குச் சமமாக்கிவிடுவார்கள். ஒரே நொடியில் திரை சுத்தமாகிவிடும். கெடுதல் இல்லாத தொண்ணூறோடு மீதிப் பத்தும் சேர்ந்து மறையும். அதற்குப் பதிலாகக் கடிகாரம், ரீசெட் பாதையில் உள்ள செல்களுக்கு மட்டும் கடுமையான எல்லைகளைத் தனியே கொடுக்கலாம். தாமதங்களைச் சுமந்து வரும் எஸ்.டி.எஃப். கோப்பிலேயே பாதைக்குப் பாதை பல்ஸ் எல்லை எழுத இடம் இருக்கிறது. கொஞ்சம் உழைப்பு வேண்டும், அவ்வளவுதான்.

கம்பிகளுக்கு வேறு நியாயம். ஆலையில் ஃபர்னஸிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு 100 மீட்டர் கேபிள் ஓடுகிறது என்றால், சிக்னல் அதைக் கடக்க ஏறத்தாழ அரை மைக்ரோசெகண்ட் ஆகும். 100 நானோசெகண்ட் பல்ஸ் ஒன்றை அனுப்பினால், தாமதத்தைவிடக் குறுகியது என்பதற்காக அது நடுவழியில் மாயமாகாது. தேய்ந்தாலும் மறுமுனைக்கு வந்து சேரும். ஒரே நேரத்தில் அந்தக் கேபிளுக்குள் இரண்டு மூன்று பல்ஸ் ஓடிக்கொண்டிருக்க முடியும். இதை இனர்ஷியலாக வைத்தால் சிமுலேட்டர் காட்டுவது பொய். பல சிமுலேட்டர்களில் இணைப்புக் கம்பிகளுக்கு டிரான்ஸ்போர்ட் வேண்டும் என்று தனி ஆப்ஷன் கொடுத்தால்தான் கிடைக்கும். செல்களுக்கு அது வேறு ஆப்ஷன். ஒன்றைக் கொடுத்து மற்றதை மறப்பது சாதாரணம். இலவசமாகக் கிடைப்பதால் மாணவர்கள் விரும்பும் ஐகாரஸ் வெரிலாக்கில் இன்னொரு கவனம் தேவை: ஸ்பெசிஃபை பகுதியைச் சேர்க்கச் சொல்லாவிட்டால் அது அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். தாமதம் எழுதியும் தாமதமே தெரியவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் அங்கே பார்க்கலாம்.

இதெல்லாம் நம் ஊர்ச் சிப்புகளுக்கு எட்டாத கவலை இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி செயலித் திட்டமும் இஸ்ரோவும் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்காக ‘ஐரிஸ்’ என்ற சிப்பைச் செய்தன. மொகாலியில் உற்பத்தியாகி, சென்னையில் சிர்மா எஸ்.ஜி.எஸ். கோத்த பலகையில் ஏறி, அது வெற்றிகரமாக இயங்கிய செய்தி 2025 பிப்ரவரியில் வந்தது. சக்தி குடும்பத்தின் வடிவமைப்பு மொழி புளூஸ்பெக். அந்த அளவில் ஓட்டும் சிமுலேஷன் கடிகாரத் துடிப்புக்கு ஒரு படி என்று நகரும். இரண்டு துடிப்புக்கு நடுவில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. கேட்டுகளாக மாற்றி, எஸ்.டி.எஃப். தாமதங்களை ஏற்றிய பிறகே நாம் பேசும் பல்ஸ்கள் பிறக்கின்றன. எந்த நாட்டுச் சிப்பானாலும் இந்தப் படியைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

விண்வெளியில் குறுகிய பல்ஸ் என்ன செய்யும் என்பதற்கு நாசாவின் ‘வயர்’ என்ற விண்வெளித் தொலைநோக்கி பாடம். 1999 மார்ச்சில் ஏவப்பட்டது. அகச்சிவப்பைப் பார்க்கும் கருவியைக் குளிர்விக்க உறைந்த ஹைட்ரஜன், அதற்கு மேல் ஒரு மூடி. மூடியைச் சிறுவெடிகளால் கழற்றும் மின்னணுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்த கணத்திலேயே மூடி கழன்று போயிற்று. அந்தப் பெட்டியில் இருந்த எஃப்.பி.ஜி.ஏ. சிப், மின்சாரம் வந்த முதல் சில கணங்களில் எழுதிவைத்த தர்க்கப்படி நடக்கவில்லை. ரீசெட்டுக்குக் கடிகாரம் தேவைப்பட்டது. கடிகாரத்தைத் தரும் ஆஸிலேட்டரோ நிலைபெறவே நேரம் எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியில் வெளிமுனைகள் இஷ்டத்துக்கு நின்றன. ஹைட்ரஜன் ஆவியாகி, முதன்மை ஆய்வுத் திட்டமே போயிற்று. நாம் எழுதும் சோதனை நிரல்களில் கடிகாரம் பூஜ்ய நேரத்திலேயே ஒழுங்கான சதுர அலையாகத் தொடங்கிவிடுகிறது அல்லவா? ஆஸிலேட்டர் விழித்தெழும் தாமதத்தையும் ஒரு தாமதமாக எழுதினால்தான் இப்படிப்பட்ட பள்ளம் திரையில் தெரியும்.

இப்போது 0.9 வோல்ட்டை ஒட்டி ஏறி இறங்கும் அந்தப் பல்ஸுக்கு வருவோம். அதை நினைவில் வைக்கும் சுற்று ஒன்று பிடித்தால், 0-வா 1-ஆ என்று முடிவுசெய்ய முடியாமல் நடுவில் தொங்கும். 1973-இல் சேனியும் மோல்னாரும் ஆஸிலாஸ்கோப்பில் இதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். குறுகிய பல்ஸை விழுங்கி நீண்டதைக் கடத்தி, அந்த முடிவைக் குறித்த நேரத்துக்குள் கட்டாயம் எடுத்துவிடும் சுற்று இயற்பியல்படி சாத்தியமில்லை என்று லெனார்ட் மரினோவின் 1981 ஆய்விலிருந்து வருகிறது. 2013-இல் ஃபூக்கர், நோவாக், ஷ்மிட் மூவரும் நம் தாமத மாதிரிகளை இதோடு ஒப்பிட்டார்கள். இனர்ஷியல் தாமதத்தை வைத்து அப்படிப்பட்ட சுற்றைக் காகிதத்தில் கட்டிவிடலாம். அதாவது இயற்பியல் தராததை மாதிரி தருகிறது. மாறாத டிரான்ஸ்போர்ட் தாமதத்தை வைத்தால், எவ்வளவு நேரம் கொடுத்தாலும் பல்ஸை விழுங்கவே முடியாது. ஆனால் இயற்கையில் போதிய நேரம் கொடுத்தால் முடிகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் தவறு.

அவர்கள் முன்வைத்த மாற்று மாதிரியில் தாமதம் நிலையான எண்ணாக இராது. கேட்டின் வெளிமுனை கடைசியாக மாறி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்துத் தாமதம் சுருங்கும். மின்தேக்கம் முழுதாக ஏறாமல் பாதியில் திரும்பினால், திரும்பும் வழி குறைவு. அதனால் நேரமும் குறைவு. இந்தக் கணக்கில் இருபது இன்வெர்ட்டர் கொண்ட சங்கிலியில் ஒரு குறுகிய பல்ஸை அனுப்பினால், முதல் கேட்டில் சட்டென்று மறையாமல், கடைசிவரை அதே அகலத்திலும் ஓடாமல், கேட்டுக்குக் கேட் இளைத்து ஏதோ ஒன்றில் தீர்ந்துபோகும். ஸ்பைஸில் ஓட்டினாலும் அப்படித்தான் வருகிறது. இதனால் மின்சாரக் கணக்கும் மாறும். பாதி வழி ஏறி இறங்கிய பல்ஸும் மின்தேக்கத்தை ஏற்றி இறக்கியிருக்கிறது. அதற்கான மின்னாற்றல் செலவாகிவிட்டது. முழுக்க விழுங்கும் சிமுலேட்டர் அந்தச் செலவைக் குறைத்துக் காட்டும், எல்லாவற்றையும் கடத்தும் சிமுலேட்டர் கூட்டிக் காட்டும். பேட்டரியில் ஓடும் கருவிக்குச் சிப் வடிவமைப்பவர் இரண்டு அமைப்பிலும் ஒருமுறை ஓட்டி, உண்மையான செலவு எந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளலாம்.